ஒன்பது நாளாய் ஒற்றை டிக்

அத்தியாயம் 17

பூங்கொடிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அடிபடாது. வெங்காயம்தான் வதைபடும். அன்றைக்குக் காலையில் அவள் அரிந்து தள்ளிய வெங்காயம் மூன்று வீட்டுக் குழம்புக்குக் காணும்.

சீனாவுக்குப் போன சோலைராஜிடமிருந்து ஒரு தகவலும் இல்லாமல் அன்றோடு ஒன்பது நாள். அண்ணன் செண்பகராஜும் அவருமாகக் கோவில்பட்டியில் நடத்துகிற தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, ஊர் வழக்கில் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அட்டைப்பெட்டி ஒட்டுகிற மெஷின் பார்க்கப் போயிருக்கிறார். போய் இறங்கிய அன்று மெஷின் கம்பெனிக்காரர் ஒருவருடைய போனிலிருந்து இரண்டே நிமிடம் மனைவியிடம் பேசினார்.

"இந்த ஊர்ல வாட்ஸ்அப் கட்டு. கூகுளு, மெயிலு ஒண்ணும் தொறக்காது. கவர்மெண்டே அடைச்சு வச்சிருக்கு பாத்துக்கோ. ரோமிங் போட்டா காசப் பிடுங்கிருவான்னு அதுவும் போடல. இனி ஊர் வந்து எறங்குனாத்தான் பேச்சு. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டார்.

அப்படியும் பூங்கொடி தினமும் அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். என்றைக்காவது ஒருநாள் திறந்துகொண்டால் மொத்தமாகப் படித்துக்கொள்வார் என்று எண்ணம். 'சாப்பிட்டீங்களா?' ஒற்றை டிக். 'பிரஷர் மாத்திரை போட்டீங்களா?' ஒற்றை டிக். செய்தி இங்கிருந்து கிளம்பியது, அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒரு நாட்டையே அடைத்து வைத்திருக்கும்போது அந்த மனுஷன் என்ன செய்வார், பாஷை தெரியாத ஊரில் தனியாகக் கிடந்து தவிக்கிறாரே என்று எட்டு நாளும் அவருக்காகப் பரிதாபப்பட்டாள். அந்தப் பரிதாபத்தை நினைத்தபோதுதான் அன்று சாயங்காலம் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் காலைக் கோபம் வேறு. அது ஒரு ஓடிபியினால் வந்தது.

"யம்மா, அது அப்பா நம்பருக்குத்தான் போவுது. இல்லன்னா அப்பா மெயிலுக்கு," என்றாள் மகள் ப்ரியதர்ஷினி. கையில் போன், முகத்தில் தூக்கமே இல்லை.

முந்தின நாள் மாலைதான் கவுன்சலிங்கில் ப்ரியாவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு. கேட்ட படிப்பு, கேட்ட ஊர். இன்று மாலை ஐந்து மணிக்குள் 'ஏற்கிறேன்' என்று அழுத்தி, வருகிற ஆறு எண்ணைப் போட வேண்டும். தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"அப்பா நம்பர எதுக்குட்டி குடுத்த?"

"நானா குடுத்தேன்? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அப்ளிகேஷன் போட்டது யாரு? 'பொம்பளப்பிள்ள நம்பர எதுலயும் குடுக்கப்படாது, கண்ட பய கூப்பிடுவான்'னு அப்பாதானே அவிய நம்பரப் போட்டாவ!"

ஊரில் பிள்ளை பெற்ற அப்பன்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். பிள்ளை எழுதிய பரீட்சை, பிள்ளை வாங்கிய மார்க், பிள்ளைக்குக் கிடைத்த இடம், எல்லாம் அப்பன் சட்டைப் பையில் வந்து மணியடிக்கும். அப்பன் சட்டைப் பை சீனாவுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் யோசித்திருக்கவில்லை.

பூங்கொடி கணவன் நம்பரை அழைத்துப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல். நாலாவது தடவையும் அதே குரல் அதே மரியாதையோடு சொன்னது. பூங்கொடி அரிவாள்மனையை மடக்கி வைத்தாள்.

இந்தப் படிப்புக்காக அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு ரகளை நடந்து முடிந்திருந்தது. "ஹாஸ்டலா? நம்ம வீட்டுப் பொம்பளப்பிள்ளையா? இங்கன காலேஜ் இல்லாமலா கெடக்கு?" என்று போன மாதம் செண்பகராஜ் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சோலைராஜ் அண்ணன் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பத்தேழு வயதாகிறது, இன்னும் அண்ணன் முன்னால் அவருக்குத் தரைதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தது.

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். ப்ரியா படிக்கட்டும். நீ கவலப்படாத."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பூங்கொடி இருந்தாள். அவள் புதூர்ப் பக்கத்துக்காரி. தினம் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பிளஸ் டூவில் ஆயிரத்து நாற்பத்தேழு மார்க் எடுத்துவிட்டு, அடுத்த தை மாதமே கழுத்தை நீட்டியவள். மார்க் ஷீட்டைக் காட்டி ஒருத்தரிடமும் அவள் பெருமை பேசியதில்லை. மகளுக்கும் அப்படி ஒரு தை மாதம் வந்துவிடக் கூடாது என்பது மட்டும் அவளுக்குள் கெட்டியாக இருந்தது.

"கெளம்பு. செல்வகணேஷ் கடைக்குப் போவோம்," என்றாள்.

செல்வகணேஷ் மெயின் ரோட்டில் செல்போன் கடை வைத்திருப்பவர். போன் உறை, சார்ஜர் என்று சரக்கு எடுக்க வருஷத்துக்கு இரண்டு தடவை சீனாவுக்குப் போய் வருகிறவர். சோலைராஜுக்குத் தம்பி முறை.

"வாங்க மதினி! போன் கீழ விழுந்துட்டா?"

"போனு நல்லாத்தான் இருக்கு. நீங்க சீனாவுக்குப் போனா வீட்டுக்கு எப்படிப் பேசுவீங்க?"

"வாட்ஸ்அப்லதான்."

பூங்கொடி மகளைப் பார்த்தாள். மகள் செல்வகணேஷைப் பார்த்தாள்.

"அங்கன வாட்ஸ்அப் கட்டுன்னாவளே?"

"கட்டுதான். சும்மா போனா ஒண்ணும் தொறக்காது. அதுக்குத்தான் விபிஎன்னு ஒண்ணு போன்ல ஏத்திட்டுப் போறது. நாம சீனாவுல இருந்தாலும் வேற ஏதோ ஊர்ல இருக்கிற மாதிரி அது காட்டும், வாட்ஸ்அப் தொறந்துரும். ஒரே ஒரு விஷயம் மதினி, இங்கனயே ஏத்திரணும். அங்கன போயி ஏத்திக்கிடலாம்னு நெனச்சா, ஏத்துற எடத்தையே அடைச்சிருப்பான். மொத தடவ போனப்ப நான் அப்படித்தான் முழிச்சேன். பன்னெண்டு நாள் பேச்சு மூச்சு இல்ல. எங்க வீட்டுல எனக்கு மொட்டையே நேந்துட்டா!"

அவர் சிரித்தார். பூங்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்படியென்றால் இதுதான் காரணம். ஏற்றாமல் போய்விட்டார். விவரம் பத்தாத மனுஷன்.

"இவிய அத ஏத்தாமப் போயிட்டாவ போல. இப்ப என்ன செய்ய?"

"யாரு, அண்ணாச்சியா? நான்தானே ஏத்திக் குடுத்தேன்! பயணத்துக்கு மொத நாள் கடைக்கு வந்தாவ. ஒண்ணுக்கு ரெண்டா ஏத்தி விட்டிருக்கேன் மதினி, ஒண்ணு சண்டித்தனம் பண்ணுனா இன்னொண்ணு. எப்படித் தொறக்கணும், எப்படி அடைக்கணும்னு ஒரு மணி நேரம் செஞ்சு காட்டி, அண்ணாச்சியே நாலு தடவ செஞ்சு பாத்து..."

மதினியின் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டுச் செல்வகணேஷ் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்.

"சில நேரம் ஓடாது மதினி. அங்கன திடீர்னு எல்லாத்தையும் நெருக்கிருவான்."

"ஒன்பது நாளுமா?"

"ஹோட்டல் வைஃபை மோசமா இருக்கும்..."

"ஒன்பது நாளுமா தம்பி?"

செல்வகணேஷ் கண்ணாடிப் பெட்டிக்குள் நேராகத்தான் இருந்த சார்ஜர்களை மறுபடி நேராக அடுக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த ப்ரியா அம்மாவின் காதருகில் கத்திச் சொன்னாள், "அப்பாவுக்கு அதத் தொறக்கத் தெரியாம இருக்கும்மா. ரிமோட்லயே தடுமாறுவாவல்லா?"

"இருக்கும்," என்றாள் பூங்கொடி. நம்பத்தான் ஆசைப்பட்டாள். நம்புவதற்கு வசதியாக இன்னும் யாராவது ஏதாவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

மணி மூன்றே முக்கால். மகளுக்குத்தான் ஒரு வழி தோன்றியது.

அப்பாவின் மெயிலை ஆரம்பித்துக் கொடுத்ததே அவள்தான். பாஸ்வேர்டு தெரியும். அதற்குள் தானே நுழைந்துவிட்டால் அந்த ஆறு எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அப்பா சீனாவில் இருந்தாலும் ஒன்றுதான், செவ்வாயில் இருந்தாலும் ஒன்றுதான்.

பாஸ்வேர்டைப் போட்டாள். திரை அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை. 'உங்கள் போனில் கேட்டிருக்கிறோம். நீங்கள்தான் என்றால் ஆமாம் என்று அழுத்துங்கள்' என்றது.

"போச்சு," என்றாள் ப்ரியா. "அப்பா போன்ல போயிக் கேக்குதும்மா. அங்கன நெட் இல்லன்னா இது போயிச் சேராது. சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும்."

சுற்றியது. தாயும் மகளும் தலையோடு தலை முட்ட அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிடம் இருக்கும். சுற்றல் நின்றது. வேறொரு வரி வந்தது.

'அனுமதி மறுக்கப்பட்டது.'

"மறுக்கப்பட்டதுன்னா?"

ப்ரியா அந்த வரியை மறுபடி படித்தாள்.

"வாயத் தொறந்து சொல்லுட்டி. மறுக்கப்பட்டதுன்னா என்ன?"

"அப்பா போன்ல, 'உள்ள வர்றது நீங்கதானா'ன்னு கேட்டிருக்கும்மா. 'இல்லை'ன்னு அமுக்கிருக்கு."

"யாரு அமுக்குனது?"

"ம்மா..."

"நெட்டே இல்லாத ஊர்ல யாருட்டி 'இல்லை'ன்னு அமுக்குனது?"

இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்கள். இந்த முறை அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாலு நொடியில் மறுக்கப்பட்டது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்து அமுக்குகிற வேகம் அது.

ப்ரியா தன் போனைத் தரையில் வைத்தாள். அவள் குரல் சின்னதாகிவிட்டது. "நம்ம நம்பர ஒருத்தவிய பிளாக் பண்ணி வச்சாலும் ஒத்த டிக்தான் விழும்மா. எனக்கும் ஒத்த டிக்தான். ஒன்பது நாளா."

பூங்கொடி தன் போனை எடுத்து ஒன்பது நாள் ஒற்றை டிக்குகளையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். காதுக்குள் கொதித்தது. ஒரு மனுஷன் பெண்டாட்டியோடு சண்டை போடலாம். பேசாமல் இருக்கலாம். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். இதென்ன செயல்? 'பிரஷர் மாத்திரை போட்டீங்களா' என்று ஒன்பது நாளும் சுவரிடம் கேட்டிருக்கிறாள். தானே உள்பக்கம் பூட்டு மாட்டிவிட்டு, சாவி சீனாக்காரனிடம் இருக்கிறது என்று கதை விட்டிருக்கிறார்!

"சீனாக்காரன் எத அடைச்சானோ, அது அவன் நாடு, அவன் பாடு. என்னைய அடைச்சது எவன் நாட்டுச் சட்டம்?" என்றாள். "எந்திரிட்டி. ஆபீஸுக்குப் போவோம்."

"பெரியப்பா இருப்பாவளேம்மா."

"அவிய இருக்கணும்னுதான் போறேன்."

தீப்பெட்டி ஆபீஸ் எட்டயபுரம் ரோட்டில். பூங்கொடி அங்கே வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்கு மட்டும் வருகிறவள். ஆகவே பெட்டி அடைக்கிற பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மேற்பார்வை பார்க்கும் பத்திரகாளி, "வாங்கக்கா" என்று எழுந்து வந்து, அக்காவின் நடையைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

ஆபீஸ் ரூம் கதவருகில் போனதும் பூங்கொடியின் கால் நின்றது.

உள்ளே அவள் புருஷன் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்கண்ணே, இந்தப் பக்கம் அட்டை போவுது. அந்தப் பக்கம் பெட்டியா வந்து விழுது பாருங்க. பசை இம்புட்டுக்கூட வழியல. நம்ம உக்கிரபாண்டிகிட்டக் காட்டுங்க, அசந்து போவான்!"

நல்ல சந்தோஷமான குரல். பாஷை தெரியாத ஊரில் தவிக்கிற குரலா அது? செண்பகராஜின் கையிலிருந்த போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் உக்கிரபாண்டி பக்கத்தில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பூங்கொடி உள்ளே போனாள். "எப்ப வந்துது பெரியத்தான் இந்த வீடியோ?"

செண்பகராஜ் நிமிர்ந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, மூத்தவர் என்கிற கம்பீரம் எல்லாம் அப்படியே இருந்தது. வாய் மட்டும் கொஞ்சம் தடுமாறியது.

"வாம்மா. இது வந்து... போன வாரம் எடுத்தது. யாரோ கொண்டாந்து..."

"இன்னைக்குக் காலையில வந்துதுன்னு இப்பத்தான் சொன்னீங்க அண்ணாச்சி," என்றான் உக்கிரபாண்டி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

"நீ போயி மெஷினப் பாருல!"

உக்கிரபாண்டி போய்விட்டான். பூங்கொடி கையை நீட்டி மூத்தவரின் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் இந்த மனுஷர் முன்னால் அவள் முந்தானையை இழுத்துவிடாமல் நின்றதில்லை.

"ஏம்மா! ஏம்மா! என்ன பழக்கம் இது?"

வாட்ஸ்அப்பில் 'தம்பி' என்ற பெயரைத் தொட்டு அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது ரிங் முடிவதற்குள் எடுத்தார் சோலைராஜ்.

"சொல்லுங்கண்ணே. அங்கன அஞ்சு மணி ஆயிட்டா? பிள்ள ரெம்ப அழுதாளா?"

ப்ரியா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"அஞ்சு ஆகல," என்றாள் பூங்கொடி. "நாலு நாப்பது. நான் பூங்கொடி பேசுதேன்."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. யாரோ சீன மொழியில் யாரையோ கூப்பிட்டார்கள்.

"பூங்கொடி... இப்பத்தான், இந்த நிமிஷம்தான் நெட்டு கெடச்சுது பாத்துக்கோ. ஒனக்குத்தான் போடணும்னு..."

"நிறுத்தும்."

இருபது வருஷமும் 'நீங்க' என்று அழைத்த வாயிலிருந்து அந்த 'நிறுத்தும்' வந்து விழுந்ததில் செண்பகராஜே நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார்.

"ரெண்டு விபிஎன் ஏத்திட்டுப் போயிருக்கீரு. ஒண்ணுல அண்ணனுக்கு வீடியோ அனுப்புதீரு. பெத்த பிள்ளை மெயிலத் தொறந்தா, நான் இல்லைன்னு அமுக்குதீரு. பிள்ளையையும் என்னையும் பிளாக் பண்ணிப் போட்டுட்டு, கவர்மெண்ட் அடைச்சிருக்குன்னு என் காதுல பூ சுத்தியிருக்கீரு. எதுக்கு?"

"கொஞ்சம் நிதானமாக் கேளு. அண்ணன் வேண்டாம்ங்காவ, நீ வேணும்ங்க. நடுவுல நான் என்ன செய்ய? இந்த அஞ்சு மணி தாண்டிட்டுன்னா அதுவாப் போயிரும். யாருக்கும் யாரு மேலயும் வருத்தம் இருக்காதுன்னு..."

"யாருக்கும் வருத்தம் இருக்காதா? பிள்ளைக்கு?"

பூங்கொடி போனை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்லப் பயம். எங்கிட்ட மாட்டேன்னு சொல்லவும் பயம். அதுக்காக ஒரு நாட்டையே கூட்டியாந்து மறிச்சு வச்சிட்டீரே, ஒமக்கு வெக்கமா இல்ல?"

"அவன எதுக்கும்மா ஏசுத?" என்று செண்பகராஜ் குறுக்கே வந்தார். "நான்தான் பேசாம இருடான்னு சொன்னேன். குடும்பத்துக்கு எது நல்லதுன்னு..."

"ஒங்ககிட்ட அப்புறமா வாரேன் பெரியத்தான்."

கதவுக்கு வெளியே பெட்டி அடைக்கிற சத்தம் சுத்தமாக நின்றுபோயிருந்தது. அறுபது பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்றுதான் பூங்கொடியும் குரலைத் தணிக்கவில்லை.

ப்ரியா தன் போனில் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள். பிறகு பெரியப்பாவின் போன் பக்கம் குனிந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட சோலைராஜ் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பார்.

"அப்பா. மெயிலத் தொறங்க. ஆறு நம்பர் வந்திருக்கும்."

"ப்ரியாக்குட்டி, அப்பா ஊருக்கு வந்து..."

"நம்பர் மட்டும் சொல்லுங்கப்பா."

"அப்பா சொல்லுதத ஒரு நிமிஷம்..."

"நம்பர் மட்டும்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பத்தொன்பது. நாலு ஐம்பது. செண்பகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை என்று அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது.

"ஏழு," என்றது போன்.

துடைத்த கை நின்றது.

"மூணு. மூணு. ஒண்ணு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "எட்டு. ரெண்டு."

ப்ரியா அடித்தாள். ஒரு நொடி வெள்ளையாகக் கிடந்த திரை பச்சையானது. இடம் உறுதி. மணி நாலு ஐம்பத்திரண்டு.

வெளியே பத்திரகாளிதான் முதலில் 'ப்ரியாப்பிள்ளைக்குக் கெடச்சுட்டு' என்று கூவியிருக்க வேண்டும். பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் வந்தது. பூங்கொடிக்குச் சந்தோஷம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் இன்னும் கோபம்தான் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைக்கு உரியதை வாங்குவதற்கு ஒரு நாளெல்லாம் இப்படி ஓடிவந்து பிடுங்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம்.

ப்ரியா திரையை மேலே தள்ளிப் படித்தாள். "திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு நேர்ல வரணுமாம்மா. அசல் சர்டிபிகேட் எல்லாம் கொண்டு வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் சேத்துக்கிட மாட்டாவளாம்."

செண்பகராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இப்போது அவர் குரலில் தடுமாற்றம் இல்லை.

"அசல் பூராவும் இங்கனல்லா இருக்கு," என்று தனக்குப் பின்னாலிருந்த இரும்பு பீரோவைக் காட்டினார். வீட்டுப் பத்திரமோ, பிள்ளைகளின் மார்க் ஷீட்டோ, அந்தக் குடும்பத்தின் காகிதம் எதுவானாலும் அவர் அப்பா காலத்திலிருந்து ஆபீஸ் பீரோவில்தான். அதன் சாவி மூத்தவர் இடுப்பில்தான். அதை மற்றவர்கள் கேட்டதுமில்லை, கேட்க வேண்டும் என்று நினைத்ததுமில்லை.

"குடுங்க பெரியத்தான்."

"ஒனக்கு எதுக்குக் குடுக்கணும்? பிள்ள அவன் பிள்ள. அவன் கேக்கட்டும், குடுக்கேன். 'அண்ணே, சாவியக் குடுங்க'ன்னு என் தம்பி அவன் வாயால கேக்கட்டும்." போனைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், "என்னலே சோலை, கேக்கியா?"

அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்று பேரும் மேஜைமேல் கிடந்த அந்தப் போனைப் பார்த்தார்கள்.

"காதுல விழுந்துதா?" என்றாள் பூங்கொடி. "கேளும்."

சோலைராஜ் மூச்சு விடுவது கேட்டது.

"அப்பா," என்றாள் ப்ரியா.

"அண்ணே..." என்றார் சோலைராஜ்.

அவ்வளவுதான். குரல் கரகரத்தது, திரையில் 'மீண்டும் இணைக்கிறது' என்று வந்தது, பிறகு அழைப்பே அணைந்துபோனது. பூங்கொடி மறுபடி அழைத்தாள். போகவில்லை. இன்னொரு தடவை. போகவில்லை. வலையைச் சீனாக்காரன்தான் நெருக்கினானா, இல்லை மனுஷன் தானே விரலால் அமுக்கினாரா? அந்த 'அண்ணே'வுக்குப் பின்னால் என்ன வரவிருந்தது? அந்த ஆபீஸ் ரூமில் ஒருத்தருக்கும் தெரியாது.

செண்பகராஜ் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அவன் கேக்க மாட்டாம்மா. அவன எனக்குத் தெரியும். நேரமாச்சு, வீட்டுக்குப் போங்க."

அவர் எழுந்து கதவை நோக்கி நடந்தார். பூங்கொடி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தரையில் கீச்சென்று சத்தம் வர இழுத்தாள். பீரோவின் கதவுகளில் முதுகு படும்படி அதைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மருந்து ரூம் சாவியும் இதுக்குள்ளதானே பெரியத்தான் இருக்கு?"

செண்பகராஜ் திரும்பினார். தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற ரூம் அது. அதைத் திறக்காமல் ஆபீஸில் ஒரு குச்சி நகராது.

"காலையில ஏழு மணிக்கு அத எடுக்க இதத் தொறந்துதானே ஆகணும்? தொறங்க. நான் இங்கனதான் இருப்பேன். என் பிள்ள காகிதத்த நானே எடுத்துக்கிடுதேன்." மகளிடம் திரும்பினாள். "ஏட்டி, வீட்டுக்குப் போயி எனக்கு ஒரு போர்வை எடுத்துட்டு வா. ஒனக்கும் ஒண்ணு."